ஜூன் மாதத்தில் யார் போவது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சபைகளின் வாலிபர் ஐக்கியங்களுக்கும் பங்குகளின் இளைஞர் குழுக்களுக்கும்,

அன்புள்ள தம்பி தங்கைகளே, தோத்திரம். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு, இயேசுவுக்கே புகழ். பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகளுக்கு, பிரைஸ் த லார்ட். மூன்று விதமாகவும் சொன்னால்தான் நம் பக்கத்தில் ஒரு கடிதம் எல்லார் வீட்டுக்குள்ளும் போகும்.

டிசம்பர் முதல் வாரத்தில் நம் பகுதியில் உள்ள முதியோர் இல்லத்தையோ குழந்தைகள் இல்லத்தையோ கூப்பிட்டு, "ஒரு நாள் மதியச் சாப்பாடு நாங்க போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் "இருபத்தஞ்சு வரைக்கும் தேதி இல்லீங்களே" என்பார்கள். காலையில் ஒரு சபை கேக்கோடு வருகிறது. மதியம் ஒரு கம்பெனி பிரியாணியோடு வருகிறது. சாயங்காலம் கேரல் குழு, கூடவே கிறிஸ்மஸ் தாத்தா. சர்க்கரை நோயுள்ள பாட்டி மூன்று துண்டு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் பேனரைப் பிரித்துப் பிடித்து ஒரு படம். அன்று இரவே அது எல்லார் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடும்.

அதே இல்லத்துக்கு ஜூன் மாதம் போங்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நோட்டுக்கு அட்டை போட, சீருடையின் நீளத்தைப் பிரித்துத் தைக்க, கணக்குப் பாடத்தில் போன வருடம் விட்டதைப் பிடிக்க ஆள் தேவைப்படும். ஆகஸ்டில் காய்ச்சல் வரும். இரவு அரசு மருத்துவமனையில் பிள்ளையோடு உட்கார ஒருவர் வேண்டும். வாசலில் ஒரு வண்டியும் நிற்காது.

உங்களைக் குறை சொல்வதற்காக இதைத் தொடங்கவில்லை. டிசம்பரிலாவது போகிறீர்கள், போகாத பெரியவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் விசுவாசத்தின் பேரில் போகிறோம் என்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் மட்டும் போவதில் ஏதோ இடிக்கிறது. அதைத்தான் உங்களோடு பேச வேண்டும்.

முதலில் அந்தப் படத்தின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இல்லத்துக் குழந்தைகளோடு எடுத்த படத்தை வெளியிடுவது நாகரிகக் குறைவு என்பதோடு நிற்கவில்லை. சட்டத்திலும் அதற்கு இடமில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. இல்லத்தார் முகத்துக்காகப் பேசாமல் இருப்பார்கள், அடுத்த மாத அரிசி உங்களிடமிருந்து வரலாம் அல்லவா? இதைச் சட்டம் வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே கொஞ்சம் வெட்கம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

சரி, ஏன் போகிறோம்? உங்களிடம் கேட்டால் உடனே மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தைச் சொல்வீர்கள். பசித்தவர், தாகமுள்ளவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர் என்று ஆறு பேர். அவர்களுக்குச் செய்தது தனக்கே செய்தது என்கிறார் ஆண்டவர். ஞாயிறு பள்ளியில் இதற்கு நாடகம்கூடப் போட்டிருப்பீர்கள். அந்தப் பகுதியில் நாம் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு விஷயம் உண்டு. வலது பக்கம் நிற்கிறவர்கள் திகைக்கிறார்கள். உம்மை எப்போது பசியோடு பார்த்தோம், எப்போது சோறு போட்டோம் என்று அவர்களே திருப்பிக் கேட்கிறார்கள். செய்தபோது அவர்களுக்கு அது தெரியவில்லை. கணக்கு எழுதி வைத்துக்கொண்டு செய்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். யாரும் பார்க்காதபோதும், பெரிய காரியம் என்று தோன்றாதபோதும், வழக்கமாகச் செய்துகொண்டிருந்தவர்கள்தான் கேட்பார்கள்.

அந்த ஆறு பேரில் நம் நிகழ்ச்சிகள் தொடுவது பெரும்பாலும் இரண்டு பேரை: சோறு, துணி. புழல் மத்திய சிறை அம்பத்தூரிலிருந்து எவ்வளவு தூரம்? கைதிகளைப் பார்க்கப் போகும் குழுக்கள் சில இருக்கின்றன. அந்தக் கைதிகளின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்ட வாலிபர் ஐக்கியத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

நல்ல சமாரியன் கதையிலும் இப்படித்தான், நாம் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதோடு நிறுத்திவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை. அவன் அடிபட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். அன்று இரவு கூட இருந்து பார்த்துக்கொள்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். எனக்கு அந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறான். வேலையை விடவும் இல்லை, அடிபட்டவனை மறக்கவும் இல்லை. யூதர்கள் முகம் கொடுத்துப் பேசாத சாதியைச் சேர்ந்தவன் வேறு. அவன் அந்த மனிதனிடம் தன் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகக் கதையில் இல்லை.

இங்கே உங்களில் ஒருவர் கையைத் தூக்குவது தெரிகிறது. "அண்ணா, விசுவாசம் இல்லாதவங்களும்தான் சேவை செய்யறாங்க. அப்போ நம்மகிட்ட என்ன விசேஷம்?"

நல்ல கேள்வி. நம் பகுதியிலேயே பாருங்கள். முகப்பேரில் பேன்யன் அமைப்பு, தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கிறது. 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் அதைத் தொடங்கியபோது இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள். திருவேற்காட்டில் வித்யாகர் 1983-ல் தொடங்கிய உதவும் கரங்கள் இருக்கிறது. அவர்கள் யாரும் நம் வேதபுத்தகத்தை முன்வைத்து இறங்கியவர்கள் அல்ல. கொரோனா நாட்களை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில், அந்த நோயால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, உடலைத் திருப்பி எடுத்துப் போக வேண்டியதாயிற்று. அதே வாரத்தில், 19-ஆம் தேதி, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் இறந்தார். அவரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். நடுராத்திரியில் உடன் வேலை பார்த்த மருத்துவர் பிரதீப் குமார் திரும்பி வந்து, தானே மண்ணைத் தள்ளி மூட வேண்டியிருந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு எல்லா மதத்தாரின் உடல்களையும் அடக்கம் செய்ததில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கிறிஸ்தவ உடல்களையும் அவர்கள் மரியாதையாகக் குழியில் இறக்கினார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு, சேவை என்றால் நாம்தான் என்று மார்தட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆக, விசுவாசம் இல்லாமலும் ஒருவர் சேவையில் இறங்கலாம். நமக்கு அது எங்கே உதவுகிறது என்று கேட்டால், என் பதில் இது: ஆறாம் மாதத்தில். முதல் நாள் போவதற்கு இரக்கமே போதும். கண்ணெதிரே வெள்ளத்தில் தவிக்கிறவரைப் பார்த்தால் கல்லும் கரையும். ஆறாம் மாதத்தில் இரக்கம் ஓய்ந்திருக்கும். நீங்கள் பாடம் சொல்லிக் கொடுத்த பையன் தேர்வில் தோற்றிருப்பான். பார்த்துக்கொண்ட தாத்தா உங்களையே திருடன் என்று சொல்லியிருப்பார். நன்றி கிடைக்காது, படம் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்போதும் சனிக்கிழமை காலை எழுந்து பேருந்தையோ ரயிலையோ பிடித்துப் போக வேறொரு காரணம் வேண்டும். நமக்கு அந்தக் காரணம் இருக்கிறது. நாம் புண்ணியம் சேர்க்கப் போகவில்லை. முன்பே தகுதியில்லாமல் பெற்றுக்கொண்டவர்கள் என்று நம்புகிறோம். பெற்றவனுக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நாள் வராது. பலன் தெரியாவிட்டாலும் போகலாம். பலன் நம் கையில் இல்லை என்பதும் அந்த நம்பிக்கையின் ஒரு பாதி.

உங்கள் வயதில் ஒருவர் இதை எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒரு குழுவைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். பூசை முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது கிழவர்கள் தொடங்கிய சபை இல்லை. பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரடெரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்கள் சிலரும் 1833 ஏப்ரல் 23-ஆம் தேதி தொடங்கியது. அன்று ஓசானாமுக்கு இருபதாவது பிறந்தநாள். மாணவர்களின் விவாத அரங்கு ஒன்றில், உங்கள் மதம் ஒரு காலத்தில் நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று எதிர்த்தரப்பு மாணவர் கேட்டார். ஓசானாமிடம் அதற்குச் சொல்ல வாதம் இருந்திருக்கும். வாதம் போதாது என்று அவருக்குப் பட்டது. முந்தைய வருடம்தான் பாரிஸில் காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தது. நண்பர்கள் ஒன்றுகூடி, மிச்சமிருந்த குளிர்கால விறகை ஒரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள்.

இதில் நான் ரசிப்பது அடுத்து அவர்கள் செய்தது. ஏழைகளின் வீட்டுக்குப் போய் எப்படிப் பேசுவது, எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாது என்பதை ஒத்துக்கொண்டார்கள். சேரிகளில் பல வருடம் பழகிய ரோசலி ரான்டு என்ற கன்னியாஸ்திரீயிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். யாரை முதலில் பார்ப்பது என்று அவரே காட்டிக்கொடுத்தார். வீடு தேடிப் போவது, இருவர் இருவராகப் போவது, ஒவ்வொரு வாரமும் கூடிப் பேசுவது என்று ஒரு முறை அமைந்தது. ஓசானாம் நாற்பது வயதில் இறந்துவிட்டார். இருநூறு வருடத்தை நெருங்கும் நிலையிலும் அம்முறை நம் பங்குகளில் உயிரோடு இருக்கிறது. அந்த மூலை மேசைக்குப் போய், "மாமா, அடுத்த வீட்டுக்குப் போகும்போது நாங்களும் வரலாமா?" என்று கேளுங்கள். சந்தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். சீர்திருத்த சபைப் பிள்ளைகளும் கேட்கலாம், பாவம் ஒன்றும் ஒட்டிக்கொள்ளாது.

நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவிக்குரிய காரியத்துக்கு எதற்குப் பதிவேடு, ரசீது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டைப் பற்றியது. கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குப் பங்கு சரியாகப் போகவில்லை. அப்போஸ்தலர்கள் ஜெபத்தோடு நிறுத்தவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். யார் விடுபட்டதாகப் புகார் வந்ததோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நம் பகுதியில் நடந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள். மெயின் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்கு ஒரே நாளில் நான்கு வண்டி சாப்பாட்டுப் பொட்டலம் போனது. கொரட்டூர், பட்டரவாக்கம் பக்கம் உள்ளே தள்ளியிருந்த தெருக்களில் ஒரு பால் பாக்கெட்டுக்கு ஏங்கினார்கள். அன்புக்குக் குறைவில்லை. யார் எந்தத் தெரு என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும், அந்தத் தெருக்காரர் ஒருவரும் இல்லை.

நம் நாட்டு உதாரணம் வேண்டாமா? ஐடா ஸ்கடரை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதையையும் வேலூர் மருத்துவமனை பிறந்ததையும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இருவரைச் சொல்கிறேன். திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும். இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழர். மற்றவர் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலைகள் வைத்திருந்த பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கதர் உடுத்தி, திருமணம் செய்துகொள்ளாமல், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஆசிரமத்தில் தமிழ்க் கோயில் அமைப்பில் ஓர் ஆலயத்தையும் எழுப்பினார்கள்.

அது வெள்ளைக்காரர்களைத் துரை என்று கூப்பிட்ட காலம். மிஷன் பங்களாவில் துரை, வெளியே ஊழியர். இந்த ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். பணம் கொண்டுவந்த வெள்ளைக்காரர் தம்பி முறையில் நின்றார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் சின்னண்ணன் போலீஸாரிடம் அடிபட்டார். யார் கீழே உட்காருவது என்பதை முடிவு செய்யாமல் தொடங்கும் சேவை, கொடுப்பவன், வாங்குபவன் என்று இரண்டு சாதியை உண்டாக்கிவிடும். நம் அசனப் பண்டிகைகளில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பெருமைப்படுகிறோம். பந்தி முடிந்த பிறகு இலை எடுப்பவர் யார், பாத்திரம் கழுவுபவர் யார், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று அடுத்த முறை கவனியுங்கள். பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேரின் காலைக் கழுவிவிட்டு அடுத்த நாள் பாத்திரம் கழுவுபவரைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

இனி, நம் பகுதியில் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன், மீதியை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைபாடுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். அங்கிருந்து படித்து முடித்தவர்கள் நகரத்துக் கல்லூரிகளில் சேருகிறார்கள். அவர்களுக்குத் தேர்வு எழுத ஆள் வேண்டும். தேர்வர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல். கேட்கச் சுலபமாக இருக்கும். தேர்வு வாரநாளில் வரும், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், நீங்கள் கல்லூரிக்கு விடுப்புப் போட வேண்டும். இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. 2018-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், தேர்வர் தானே ஆளை அழைத்து வந்தால் அந்த ஆளின் படிப்பு தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது. அந்த விதிப்படி எம்.ஏ. படித்த அண்ணன் அங்கே உதவமாட்டார், பிளஸ் டூ முடித்த தங்கைதான் தேவை. சபையில் எதற்கும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று குறைப்படும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. விதிகள் மாறிக்கொண்டிருக்கும், அந்தந்தக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வன்று காலை ஒன்பது மணிக்கு "வரமுடியல அண்ணா, சாரி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் பெயரே கொடுக்காதீர்கள். அவருக்கு ஒரு வருடம் போய்விடும். தேர்வு இல்லாத மாதங்களில் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். ஞாயிறு ஆராதனையில் வேதவாசகம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை.

அந்தப் பிள்ளைகளைப் பாவம் பார்க்கப் போகாதீர்கள். வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1954-ல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். பிறகு வேலூர் மறுவாழ்வு மையத்தை உருவாக்கியவரும் அவரே. உதவி வாங்குபவர் என்று நீங்கள் நினைப்பவர் நாளை உங்களுக்குத் தலைமை தாங்கலாம். உங்கள் பாடல் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் பூந்தமல்லிப் பள்ளியிலிருந்து யாரையாவது சபைக்கு அழைத்தீர்களா?

ஆவடிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. டேங்க் பேக்டரி, ஆடைத் தொழிற்சாலை என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ கனடாவிலோ. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாறிய பிறகு, பட்டன் போன் வைத்திருக்கும் எண்பது வயதுக்காரர்கள் தவித்துப்போகிறார்கள். ஒரு கைப்பேசியும் பொறுமையும் இருந்தால் அரை மணி நேர வேலை. ஓடிபி எண்ணையும் வங்கி விவரத்தையும் நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, முடிந்தால் அடுத்த வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். நவம்பரில் போனால் அறிமுகமாவீர்கள். பிறகு மாதம் ஒரு தடவை போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலே, அவர் கீழே விழுந்து இரண்டு நாள் கிடக்கும் நிலை வராது.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு மத்தேயு சொன்ன அந்த அந்நியர் கண்ணெதிரே நிற்கிறார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து லேத்திலும் பிரஸ்ஸிலும் நிற்கும் பையன்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். பிரஸ்ஸில் விரல் போனால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் என்ன கேட்பது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாது. உங்களில் இந்தி தெரிந்த ஒருவர் கூடப் போனால் பாதி வலி குறையும். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரும் பேசாமலே திரும்பிப் போவார்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். சேவை என்று கிறிஸ்தவர் கிளம்பினால் "மதம் மாத்தத்தான் வர்றாங்க" என்ற பேச்சு வரும். வரும்போது கோபப்படாதீர்கள். அதில் அநியாயமும் உண்டு, நம்மில் சிலர் தேடிக்கொடுத்த நியாயமும் உண்டு. நிவாரணப் பையில் அரிசியோடு கைப்பிரதியையும் வைத்து அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். என் முடிவான கருத்து, அது தவறு. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் நீட்டப்படுவது நற்செய்தி ஆகாது. உங்களுக்குள் இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் கேட்டால் சாந்தமாகச் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று பேதுரு எழுதினார். கேட்டால் என்றுதான் எழுதினார். கேட்கிறவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லுங்கள். கேட்காதவரிடம் கணக்குப் பாடத்தையே சொல்லிக் கொடுங்கள்.

சொல்லாமல் செய்யும் சேவையே பேசும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒடுக்கிப் பழைய தெய்வங்களை மீட்கப் பார்த்தவர். 362 வாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நமக்கு அவமானம், ஊருக்கு ஊர் சத்திரம் கட்டுங்கள், தானியம் அனுப்புகிறேன் என்று புலம்பியிருக்கிறார். விரோதி எழுதிய நற்சான்று. நம்மைப் பார்த்து இன்னொருவர் சத்திரம் கட்டினால் அதில் நமக்கு என்ன நஷ்டம்? ஏழைக்குச் சத்திரம் கிடைத்தது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். சின்னதாக. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பாட்டிமாரைக் கேளுங்கள், பிடியரிசி என்று ஒன்று இருந்ததைச் சொல்வார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போடுவது. பெரிய காணிக்கை கொடுக்க வசதியில்லாத பெண்கள் அந்த ஒரு பிடியாலேயே ஊழியங்களைத் தாங்கினார்கள். ஒரு நாளும் தவறாமல் போட்டதுதான் அதன் பலம். ஒரு ஐக்கியம், ஒரு இடம், ஒரு வருடம். நான்கு பேர் போதும். இருவர் இருவராகப் போங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள், உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு. போன இடத்தில் முதல் நாள் ஒன்றும் கொண்டுபோகாமல், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். டிசம்பரில் மற்றவர்கள் கேக் கொண்டுவரும்போது நீங்கள் வீட்டில் இருந்து பண்டிகை கொண்டாடலாம், ஒரு குறையும் வராது.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கும் வரும் என்று தெரியும். இந்த நான்கு பேரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தாதீர்கள். அவர்கள் ஒரு ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வந்தால் காரணம் கேட்காமல் இடம் கொடுங்கள். தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்குப் பேருந்துக் காசு சபைக் கணக்கிலிருந்து போகட்டும்.

கடைசியாக, நீங்கள் போய்விடுவீர்கள். வேலை கிடைத்துப் பெங்களூர், கல்யாணம் ஆகித் தூத்துக்குடி, படிக்க ஜெர்மனி. அதில் தப்பில்லை. போவதற்கு இரண்டு மாதம் முன்பே, உங்களைவிடச் சின்னப் பிள்ளை ஒருவரை அந்த வீட்டுக்கும் அந்த இல்லத்துக்கும் கூட்டிப்போய் அறிமுகம் செய்து வையுங்கள். தாத்தாவுக்கு எந்த மாத்திரை காலையில், எந்தக் காது கேட்காது, எந்தக் கிரிக்கெட் வீரரைப் பற்றிப் பேசினால் முகம் மலரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

அன்புடன்,
திருமுல்லைவாயலிலிருந்து உங்கள் மூத்த சபையார் ஒருவன்